புதுக்குதலின் அறம்

பழுதுபட்ட பழம்பொருள் ஒன்று மனிதனின் கைக்கு வரும்போது அவன்முன் மூன்று வழிகள் தோன்றுகின்றன. அதனை வீசி எறியலாம், கிடந்தபடியே விட்டுவைக்கலாம், செப்பஞ் செய்து மீண்டும் வழக்கிற்குக் கொண்டுவரலாம். முதல் இரண்டும் எளியவை. மூன்றாவது வழியில் காலடி வைத்தவன் உடனே ஒரு கேள்வியைச் சந்திக்கின்றான்: எதை மாற்றலாம்? எதை மாற்றலாகாது? தொழில்நுட்பக் கேள்விபோல் தோன்றும் இது, உண்மையில் ஓர் அறக்கேள்வியே ஆகும்.

கோயிலைப் புதுக்குவோர்க்கும், ஏட்டுச் சுவடியைப் பதிப்பிப்போர்க்கும், முன்னோர் மரபை அடுத்த தலைமுறைக்குக் கற்பிப்போர்க்கும் இக்கேள்வி உண்டு. எனினும், அத்தகைய உயர்ந்த எடுத்துக்காட்டுகளில் பத்தியும் பெருமித உணர்வும் கலந்து, கேள்வியின் கூர்மையை மழுக்கிவிடுகின்றன. ஆதலின், புனிதம் எதுவும் ஏற்றப்படாத, எண்ணெயும் துருவும் படிந்த எளிய பொருள் ஒன்றைக் கொண்டு அதனை ஆராய்வது நலம். அமெரிக்க நாட்டில் வீட்டை ஒட்டிய கொட்டகைகளில், ஓய்வு நேரங்களில் பலரும் புதுக்கிவரும் பழைய பிக்கப் வண்டி அத்தகைய ஒரு பொருளாகும்.

உழைப்புக்கென்று பிறந்த வண்டி

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1947ஆம் ஆண்டின் கோடையில் செவர்லே நிறுவனம் புதியதொரு வரிசைச் சுமைவண்டிகளை விற்பனைக்கு விட்டது. ‘அட்வான்ஸ் டிசைன்’ என்பது அவ்வரிசையின் பெயர். அவற்றுள் அரை டன் வகைக்கு 3100 என்னும் எண் வழங்கிற்று. 1955ஆம் ஆண்டின் முற்பகுதிவரை அவ்வரிசை உற்பத்தியில் இருந்தது.

அவ்வண்டியின் அமைப்பு எளிமையானது. ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர்கள் நிற்கும் 216 கன அங்குல எஞ்சின். அதன் ஆற்றல் 90 குதிரைத்திறன். மின்னமைப்பு 6 வோல்ட். முன்கண்ணாடி இரு துண்டுகளால் ஆனது. எஞ்சினைக் கிளப்பத் தரையில் ஒரு மிதி உண்டு. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகள். பின்புறச் சுமைத் தளம் மரப்பலகைகளால் அமைந்தது. பலகைகளுக்கு இடையே எஃகுப் பட்டைகள் ஓடும். 1951இல் கதவுகளில் சிறு காற்றுக் கண்ணாடிகள் வந்தன. 1952இல் அழுத்தித் திறக்கும் கைப்பிடிகள் வந்தன. 1954இல் முன்கண்ணாடி ஒரே துண்டாயிற்று. விவரம் அறிந்தவர் கதவின் கைப்பிடியைக் கண்ட அளவிலேயே வண்டி எந்தக் காலத்தது என்று சொல்லிவிடுவர்.

இது செல்வர் பவனி வருவதற்கென்று செய்யப்பட்ட ஊர்தி அன்று. வைக்கோற் கட்டுகளையும் தீவன மூட்டைகளையும் வேலிக் கம்பங்களையும் சுமப்பதற்கென்று பிறந்தது. உழவரும் தச்சரும் சிறு வணிகரும் இதனை ஓட்டினர். உழைக்கும்வரை உழைத்துவிட்டு, ஓய்ந்தபோது வயலோரத்திலோ மரத்தடியிலோ கைவிடப்பட்டது. அரண்மனைப் பொருள் காக்கப்படுவது இயல்பு. அடுப்படிப் பொருள் தேய்ந்து அழிவதே இயல்பு. இந்த வண்டி அடுப்படியைச் சேர்ந்தது. அதனைக் காக்க ஒருவன் முற்படும்போது, தேய்ந்த உழைப்பையும் நினைவில் வைக்கத் தகும் ஒன்றாக அவன் கருதுகின்றான் என்று கொள்ளலாம்.

கொட்டகையில் நிகழ்வது

வீட்டில் இப்பணியை மேற்கொள்பவன் பெரும்பாலும் தொழில்முறைக் கம்மியன் அல்லன். பகலில் வேறொரு பணி. மாலையிலும் வார இறுதியிலும் வண்டி. முதலில் செய்ய வேண்டுவது பிரிப்பது. பல ஆண்டுகளாகத் துருவால் ஒன்றிப்போன திருகாணிகள் எளிதில் அசைந்துகொடா. ஊடுருவும் எண்ணெய் இட்டு ஓரிரவு காத்திருத்தல் வேண்டும். அதற்கும் இணங்காவிடில் தீச்சுடரால் சூடேற்றுதல் வேண்டும். அவசரப்பட்டால் திருகாணியின் தலை முறியும். பொறுமை என்பது இங்கே அறிவுரை அன்று, கருவி.

பிரித்தபின் வண்டியின் மெய்நிலை புலப்படும். ஓட்டுநர் அறையின் கீழ் மூலைகள், கதவடிப் படிகள், தரைத் தகடு ஆகிய இடங்களில்தான் நீர் தங்கும். அங்கேதான் துரு தின்னும். இரும்பும் நீரும் காற்றிலுள்ள உயிர்வளியும் கூடினால் துரு பிறக்கும். மேலே வண்ணம் பூசிவிட்டாலும் உள்ளே அது வளர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே, அரித்த பகுதியை நல்ல இரும்பு தென்படும்வரை வெட்டி எடுத்து, அவ்வடிவிலேயே புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பதே முறை. துருவை நீக்காமல் அதன்மேல் பட்டி அப்பி, உப்புத்தாளால் தேய்த்து, பளபளக்க வண்ணம் அடிப்பவரும் உண்டு. ஒன்றிரண்டு ஆண்டுகளில் வண்ணத்தின் அடியில் கொப்புளங்கள் எழும், பொய் வெளிப்படும். முதல் அறப்பாடம் இங்கேயே தொடங்குகின்றது: மறைக்கப்பட்ட குறை, நீக்கப்பட்ட குறை ஆகாது.

வெட்டுவதும் ஒட்டுவதும் மேன்மேலும் நிகழ, ஒரு நாள் அவன் சற்று நின்று எண்ணிப் பார்க்கின்றான். தரை புதிது, மூலைகள் புதியவை, சுமைத் தளத்துப் பலகைகள் புதியவை, முன்சக்கர மூடிகளும் புதிதாய் அச்சிட்டு விற்கப்படுபவை. கொட்டகைக்குள் வந்த வண்டியும் கொட்டகையை விட்டுச் செல்லப்போகும் வண்டியும் ஒன்றுதானா?

பலகை மாறினால் கப்பல் மாறுமா?

இது புதிய ஐயம் அன்று. தீசியசு என்னும் வீரனின் கப்பலை ஏதென்சு நகரத்தார் நெடுங்காலம் காத்துவந்தனர் என்று கிரேக்க அறிஞர் புளூட்டார்க் எழுதியுள்ளார். பலகை ஒன்று உளுத்தால் அதனை அகற்றிப் புதுப்பலகை பொருத்துவர். இவ்வாறு மாற்றப்பட்ட பின்னும் அது அதே கப்பல்தானா என்று தத்துவ அறிஞர்கள் வாதிட்டனர். ஒரு சாரார் அதுவே என்றனர், மறு சாரார் அன்று என்றனர். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கில அறிஞர் தாமசு ஹாப்சு இப்புதிரை மேலும் இறுக்கினார். அகற்றப்பட்ட பழைய பலகைகள் அனைத்தையும் ஒருவன் சேர்த்துவைத்து, அதே ஒழுங்கில் மற்றொரு கப்பலாகக் கட்டினால், இரண்டில் எது தீசியசின் கப்பல் என்று அவர் வினவினார்.

நூலில் இருந்த இப்புதிர், பிக்கப் வண்டிக் கொட்டகையில் அன்றாட நிகழ்ச்சியாகின்றது. ஒரு வண்டியின் ஓட்டுநர் அறையும், வேறொரு வண்டியின் கதவுகளும், மூன்றாவது ஒன்றின் எஞ்சினும் கூடி ஒரு வண்டியாக எழுவது உண்டு. பழைய மேற்கூட்டை 1982இல் அறிமுகமான எஸ்-10 என்னும் சிறு பிக்கப்பின் அடிச்சட்டகத்தின்மேல் ஏற்றிவைப்பதும் உண்டு. இவற்றுள் எது ‘அந்த’ வண்டி?

சட்டம் ஒரு விடை தருகின்றது. வண்டியின் அடையாள எண் எதில் பொறிக்கப்பட்டுள்ளதோ அதுவே வண்டி என்பது அதன் போக்கு. அந்த எண்ணை அறிந்தே நீக்குவதையும் திரிப்பதையும் குற்றமாக்கி 1984இல் அமெரிக்க நடுவண் அரசு சட்டம் இயற்றிற்று. களவைத் தடுப்பதற்கு இந்த விடை போதும், மனத்திற்குப் போதாது. சிறு தகடு ஒன்றை ஒரு வண்டியிலிருந்து கழற்றி மற்றொன்றில் ஆணியடித்துவிட்டால், முன்னதன் வாழ்வு பின்னதற்கு வந்துவிடுமா?

கீழை நாட்டில் வேறொரு விடை உண்டு. சப்பானில் உள்ள ஈசே திருக்கோயில் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை முற்றிலும் புதிய மரத்தால், அடுத்திருக்கும் நிலத்தில், முன்னிருந்த வடிவிலேயே கட்டப்படுகின்றது. 2013இல் நிகழ்ந்தது 62ஆவது முறை என்பர். அங்கே மரம் புதிது. ஆயினும் கோயில் பழையது. பழைமை மரத்தில் இல்லை. வடிவிலும், அவ்வடிவை எழுப்பும் கைத்திறனிலும், கையளிக்கும் ஒழுங்கிலும் உள்ளது. ஆனால் ஒன்று கருதத்தக்கது. ‘இந்த மரம் ஆயிரம் ஆண்டுப் பழைமையது’ என்று அங்கே எவரும் சொல்வதில்லை. புதிது என்பதைப் புதிது என்றே யாவரும் அறிவர்.

இங்கேதான் புதிரின் முடிச்சு அவிழ்கின்றது. ஒரு பொருள் ‘அதுவே’ என்பது அதன் இரும்பிலோ மரத்திலோ மட்டும் அடங்கிய தன்மை அன்று. எது நீங்கிற்று, எது சேர்ந்தது, ஏன் சேர்ந்தது என்னும் வரலாறு அறுபடாமல் காக்கப்படும் வரையில் பொருளின் தொடர்ச்சியும் அறுபடுவதில்லை. வரலாறு மறைக்கப்பட்ட நொடியில், ஒரே ஒரு பலகைதான் மாறியது என்றாலும், தொடர்ச்சி முறிகின்றது. ஆகவே அடையாளம் என்பது பொருளின் இயல்பாக இருப்பதோடு, அதனைக் கையாள்வோர் காக்கும் வாய்மையாகவும் இருக்கின்றது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். ‘எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, மாற்றினேன் என்று உண்மையாக எழுதிவைத்தால் அது பழைய வண்டி ஆகிவிடுமா?’ என்று கேட்கலாம். ஆகாது. ஆனால் உண்மையாக எழுதிவைத்தவன் அதனைப் பழைய வண்டி என்று அழைக்கவும் மாட்டான். ‘பழைய வடிவில் அமைந்த புதிய வண்டி’ என்றே அழைப்பான். வாய்மை மாற்றத்தைத் தடுப்பதில்லை. மாறிய பொருளுக்குச் சரியான பெயரை இடுவதற்கு அவனைக் கட்டாயப்படுத்துகின்றது.

இரு கட்சியார்

பழைய வண்டிகளைப் பேணுவோரிடையே இரு கட்சிகள் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது எவ்வாறு இருந்ததோ அவ்வாறே இருத்தல் வேண்டும் என்பது ஒரு கட்சி. திருகாணியின் தலையில் உள்ள குறி முதல் இருக்கைத் துணியின் நிறம் வரை அவர்கள் ஆராய்வர். இன்றைய வாழ்வுக்கு ஏற்ப எஞ்சினையும் அச்சையும் பிரேக்கையும் மாற்றிக்கொள்ளலாம் என்பது மறு கட்சி. முன்னவர் பின்னவரை அழிப்போர் என்பர்; பின்னவர் முன்னவரைப் பொம்மை வைத்து அழகு பார்ப்போர் என்பர்.

இரு கட்சியிலும் உண்மை உண்டு. மூல வடிவைக் காப்பவன், 1940களில் வாழ்ந்த பொறியியலார் எவ்வாறு சிந்தித்தனர் என்பதற்குச் சான்று ஒன்றை எதிர்காலத்திற்கு விட்டுச் செல்கின்றான். அந்த 216 கன அங்குல எஞ்சினில் இணைப்புத் தண்டுகளின் தாங்கிகள் மென்மையான பாபிட் உலோகத்தை வார்த்துச் செய்யப்பட்டவை. அத்தண்டுகளின் அடியில் அமைந்த சிறு அகப்பைகள் எண்ணெயை அள்ளித் தாமே அத்தாங்கிகளுக்கு ஊட்டிக்கொள்ளும். இன்று அம்முறை வழக்கொழிந்தது. அத்தகைய எஞ்சின் பழுதின்றி ஓடுவதைக் கண்ணால் காண்பது, பாடநூலில் படிப்பதைவிடப் பெரிய கல்வி.

மாற்றுவோன் கூறுவதும் புறக்கணிக்கத் தக்கதன்று. அவ்வண்டி பிறந்தபோது அமெரிக்காவில் மாநிலங்களை இணைக்கும் இன்றைய விரைவுச் சாலைத் தொகுப்பு இல்லை. அதற்கான சட்டமே 1956இல்தான் வந்தது. பண்ணைச் சாலையில் மெதுவாகச் சுமை இழுப்பதற்கென அமைந்த பற்சக்கர விகிதமும் எண்ணெய் ஊட்டும் முறையும், நெடுந்தொலைவு மிகுவேகத்தில் ஓடுவதற்கு ஏற்றன அல்ல. ‘வண்டி ஓடுவதற்குப் பிறந்தது, ஓடாத வண்டியைக் காப்பதைக் காட்டிலும் மாற்றி ஓட்டுவதே அதற்குச் செய்யும் மரியாதை’ என்பது அவன் வாதம். அவன் மேலும் ஒன்று சொல்வான். அந்த வண்டியைப் பயன்படுத்திய உழவனே அதனை இடைவிடாது மாற்றியவன். உடைந்த உதிரிக்குப் பதிலாகக் கையில் கிடைத்ததைப் பொருத்தினான், பக்கப்பலகைகளை உயர்த்தினான், கொக்கிகளைப் பற்றவைத்தான். மாற்றுவதே அந்த வண்டியின் மரபு என்றால், மாற்றாமல் உறையவைப்பவன் எந்த மரபைக் காக்கின்றான்?

கேள்வி கூர்மையானதுதான். இதற்கு விடை காணக் கட்சிகளை விட்டு, கடன்களைப் பற்றி எண்ணுதல் வேண்டும். பழம்பொருளைக் கையிலேற்றவன் யார் யாருக்குக் கடன்பட்டவன்?

உயிருக்குப் பட்ட கடன்

முதற்கடன் உயிர்களுக்கு. அக்காலத்துப் பிரேக் அமைப்பில் ஒரே ஒரு நீர்ம வழியே நான்கு சக்கரங்களுக்கும் சென்றது. எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் நான்கும் ஒருசேரச் செயலிழக்கும். இரு தனி வழிகள் கொண்ட அமைப்பு 1960களின் பிற்பகுதியில்தான் அமெரிக்கப் பயணிகள் கார்களுக்குக் கட்டாயமாயிற்று. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இவ்வண்டியில் இருக்கைப்பட்டை இல்லை. 1949 முதல் பெட்ரோல் கலம் ஓட்டுநர் அறைக்குள்ளேயே, இருக்கையின் பின்புறம் வைக்கப்பட்டது.

மூல வடிவம் கெடக்கூடாது என்பதற்காக இவற்றை இருந்தபடியே வைத்துக்கொண்டு, இன்றைய நெரிசலில், பக்கத்தில் பிள்ளையை அமர்த்தி ஒருவன் ஓட்டுவானாயின், அவன் எதைக் காக்கின்றான்? கண்காட்சியில் நிறுத்தும் வண்டிக்கு மூல வடிவம் பொருந்தும். சாலையில் இறங்கும் வண்டியோ தனிமனிதனின் உடைமையாக மட்டும் நிற்பதில்லை. எதிரே நடந்து வருபவன் அதன் பழைமையை வியந்து தன் உயிரைப் பணயம் வைக்க ஒப்புக்கொண்டவன் அல்லன். மரபின் பெயரால் பிறர் உயிரை இடருக்கு உள்ளாக்கும் உரிமை எவருக்கும் இல்லை. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும், இருவழி மாஸ்டர் சிலிண்டரும், இருக்கைப்பட்டையும் பொருத்துவதால் சிறுமையடையும் பழைமை, காக்கப்படத் தகுந்த பழைமை அன்று. 1947இல் அவ்வண்டியைச் செய்தவரும் தம் காலத்தில் தமக்குக் கிட்டிய அறிவைக் கொண்டு மனிதர் பயணம் செய்வதற்கே அதனைச் செய்தனர்; மனிதர் மாள்வதற்கு அன்று. அவர்தம் கருவியை மாற்றுவது அவர்தம் நோக்கத்தை நிறைவேற்றுவதாகவும் அமையலாம்.

இக்கடன் வீட்டிற்குள்ளும் உண்டு. பழைய வண்ணப் பூச்சில் ஈயம் இருக்கலாம். பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருக்கலாம். உலரத் தேய்த்துத் தூசி பறக்கவிட்டால், அத்தூசி ஆடையிலும் காலணியிலும் ஒட்டிக் குழந்தை தவழும் தரைக்குச் செல்லும். முகமூடி அணிவதும், ஈரமாகத் தேய்ப்பதும், பணியாடையைக் கொட்டகையிலேயே களைவதும் சிறு செயல்கள். ஆனால் பொருளின்மீது கொண்ட காதல் மனிதர்மீது கொண்ட பொறுப்பை மறக்கச் செய்கின்றதா என்பதை அச்சிறு செயல்களே காட்டும். பணத்திற்கும் காலத்திற்கும் இது பொருந்தும். இத்தகைய பணி, தொடங்கும்போது கணக்கிட்டதைக் கடந்தே செல்லும் இயல்புடையது. வீட்டாரின் பங்கை எடுத்து வண்டிக்கு இறைப்பவன், பழமையைக் காப்பவன் என்று பெயர் பெறலாம். நல்ல குடும்பத்தான் என்று பெயர் பெறுதல் அரிது.

வருவோர்க்குப் பட்ட கடன்

இரண்டாவது கடன் இனி வருவோர்க்கு. மாற்றங்களில் இருவகை உண்டு: மீட்கத்தக்கவை, மீட்கத் தகாதவை. பழைய எஞ்சினைக் கழற்றி, எண்ணெய் பூசி, மூலையில் பத்திரப்படுத்திவிட்டு வேறொன்றைப் பொருத்தினால், பின்னொரு நாள் வேறொருவன் பழையதை மீண்டும் ஏற்றலாம். புது எஞ்சினுக்கு இடம் வேண்டும் என்று அடிச்சட்டகத்தை அறுத்தெறிந்தால், கூரையைத் தாழ்த்துவதற்காகத் தூண்களை வெட்டினால், அறுத்தது அறுத்ததே. முன்னவன் தனக்கு ஒரு வாசல் திறந்துகொண்டான். பின்னவன் பிறர்க்கு ஒரு வாசலை அடைத்துவிட்டான்.

ஆகையால், சேதமுறாமல் முழுமையாகத் தப்பிப் பிழைத்த வண்டியை அறுப்பதற்கும், ஐந்தாறு சிதைவுகளின் மிச்சத்தைக் கூட்டி ஒரு வண்டியாக்குவதற்கும் வேறுபாடு உண்டு. முன்னது இருக்கும் சான்றை அழித்தல். பின்னது அழிந்துபோகவிருந்ததற்கு ஒரு வாழ்வு தருதல். கட்டட நினைவுச் சின்னங்களைப் பேணுவது குறித்து 1964இல் வெனிசு நகரில் வகுக்கப்பட்ட பட்டயம், ஊகம் புகும் இடத்தில் மீட்புப்பணி நின்றுவிட வேண்டும் என்னும் கருத்தை முன்வைத்தது. புதிதாகச் சேர்ப்பது பழையதிலிருந்து வேறு பிரித்து அறியத்தக்கதாக இருத்தல் வேண்டும் என்பதும் அதன் கொள்கை. கோயிலுக்கும் கோட்டைக்கும் சொன்ன அந்நெறி கொட்டகைக்கும் பொருந்தும்.

தமிழாசிரியர்க்கு இந்நெறி புதிதன்று. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது ஏடுகளில் சிதைந்த அடிகளும் காணாமற்போன பாடல்களும் இருந்தன. 267, 268 ஆகிய எண்களுக்குரிய பாடல்கள் இன்றளவும் கிடைக்கவில்லை. யாப்பும் சங்க நடையும் கைவந்த அப்பெரும்புலவர்க்கு விடுபட்ட அடிகளைத் தாமே இயற்றி நிரப்புவது இயலாத செயல் அன்று. அவர் நிரப்பவில்லை, இடைவெளியை இடைவெளியாகவே அச்சிட்டார். அந்த வெற்றிடமே ஏனைய அடிகளின் உண்மைக்கு உறுதி கூறுகின்றது. பதிப்பாசிரியர் ஓரிடத்தில் புனைந்திருந்தால், படிப்போர் எவ்விடத்தை நம்புவர்?

பொய்யான பழைமை

பழைமைக்கு மதிப்புப் பெருகிய இடத்தில் பொய்ப்பழைமையும் பெருகும். வெயிலிலும் மழையிலும் வண்ணம் மங்கி, ஆங்காங்கே இரும்பு தெரியும் தோற்றம் இன்று பலரால் விரும்பப்படுகின்றது. அதனால், புதிதாக வண்ணம் அடித்து, அதனையே தேய்த்து, வேண்டுமென்றே துருவை வரவழைத்து, பழைய தோற்றத்தைச் செயற்கையாக உண்டாக்குவோர் தோன்றினர். ஒருபோதும் இருந்திராத பண்ணை ஒன்றின் பெயரைக் கதவில் எழுதி, பாதி அழிந்ததுபோல் தேய்த்துவிடுவதும் நிகழ்கின்றது.

அலங்காரம் என்று வெளிப்படச் சொல்லிச் செய்தால் அதில் பெருங்குற்றம் இல்லை. நாடக மேடையில் நரைமுடி அணிபவன் பொய்யன் அல்லன். சொல்லாமல் விற்றால் அது வாங்குவோனை ஏமாற்றுதல். அதற்கும் மேலே நுண்ணியதொரு தீமை அதில் உண்டு. கதவில் விழுந்த உண்மைத் தேய்வு, நாள்தோறும் அந்தச் சன்னலில் முழங்கையை ஊன்றி ஓட்டிய ஒருவனின் கை செய்தது. தளத்தில் விழுந்த நெளிவு, அவன் ஏற்றிய சுமை செய்தது. உழைக்காமலே உழைப்பின் தழும்பை அணிந்துகொள்வது, உழைத்தவனின் சான்றைத் திருடுவதாகும். தழும்பு உழைத்தவனுக்கே உரியது.

இதன் மறுபுறமும் எண்ணத்தக்கது. ஒவ்வொரு நெளிவையும் தட்டி நிமிர்த்தி, தொழிற்சாலையில்கூட இருந்திராத கண்ணாடிப் பளபளப்பை ஏற்றினால், அந்த வண்டி உழைத்தது என்பதே மறைந்துவிடும். பிறந்த நாளின் தோற்றம் மட்டுமே உண்மை, வாழ்ந்த நாட்களின் தோற்றம் உண்மையன்று என்று யார் வகுத்தார்? துரு அழிவு, அதனை நீக்குதல் வேண்டும். தேய்வு வரலாறு, அதனை நீக்குமுன் ஒருமுறைக்கு இருமுறை எண்ணுதல் வேண்டும். இரண்டையும் பிரித்தறியும் கண்ணே புதுக்குவோன் பெறவேண்டிய முதன்மையான திறன்.

இறந்தோர்க்குப் பட்ட கடன்

மகன் ஒருவன் தன் தந்தை ஓட்டிய வண்டியைப் புதுக்குகின்றான் என்று கொள்வோம். கிளட்சு மிதியின் இரப்பர் ஒருபுறமாகத் தேய்ந்துள்ளது. முப்பது ஆண்டுகள் அதே கோணத்தில் ஒரு காலணி அழுத்தியதால் உண்டான தேய்வு அது. வழுக்கும் நிலைக்குத் தேய்ந்துவிட்டமையால் அதனை வைத்துக்கொண்டு ஓட்டுதல் இடர். மாற்றினால், தந்தையின் கால் பதிந்த தடம் போய்விடும்.

நூலறிவு மட்டும் இங்கே உதவாது. மூல வடிவக் கட்சியார், அதே அச்சில் செய்த புதிய இரப்பரை மாட்டு என்பர். மாற்றுவோர், மிதியையே மாற்று என்பர். இருவர் சொல்லிலும் தந்தை இல்லை. அந்த மகன் புதிய இரப்பரைப் பொருத்திவிட்டு, பழையதைத் துடைத்து, எழுதிய சீட்டு ஒன்றுடன் பெட்டியில் வைப்பானாயின், அவன் மூன்று கடன்களையும் ஒருங்கே தீர்த்தவன் ஆவான். சாலையில் செல்வோர்க்குப் பாதுகாப்பு, வருவோர்க்குச் சான்று, சென்றவர்க்கு நன்றி. வண்டியில் ஒரு தேய்ந்த இரப்பர் குறைந்தது. வண்டியின் வரலாறு சிறிதும் குறையவில்லை. மகனாயினும் தந்தையின் காலடியிலேயே தன் காலை வைத்தாக வேண்டும் என்பதில்லை. காலடி எங்கே இருந்தது என்பதை அழிக்காமல் இருந்தால் போதும்.

குறிப்பேட்டின் மாண்பு

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை பெறப்படும். புதுக்குவோனிடம் இருக்க வேண்டிய கருவிகளுள் சுத்தியலும் பற்றவைப்புக் கருவியும் மட்டும் முதன்மையானவை அல்ல. ஒரு குறிப்பேடும் முதன்மையானது. எந்த நாளில் எந்தப் பகுதி அகற்றப்பட்டது. அப்போது அதன் நிலை என்ன. புதியது எங்கிருந்து வந்தது. மாற்றத்திற்குக் காரணம் யாது? இவற்றை நிழற்படத்துடன் எழுதிவைக்கும் ஏடு, வண்டியின் உறுப்புகளுள் ஒன்றாகவே மதிக்கத்தக்கது. பழைய ஊர்திகளுக்கான அனைத்துலகக் கூட்டமைப்பு 2012இல் ஏற்றுக்கொண்ட தூரின் பட்டயமும் பணிகளை ஆவணப்படுத்துவதை வலியுறுத்துகின்றது. எனினும், பட்டயம் சொல்வதற்கு முன்பே மனச்சான்று சொல்வது அது. வாங்குவோன் கேட்காத கேள்விக்கும் விடை அந்த ஏட்டில் இருத்தல் வேண்டும். கேட்டால் மட்டும் சொல்வது வணிக நேர்மை. கேளாமுன் எழுதிவைப்பது அறம்.

மூல வடிவம் எதுவும் மாறாமல் காத்தும், ஓரிடத்தில் பொய் சொன்னவன் பழைமைக்கு இரண்டகம் செய்தவன் ஆகின்றான். எஞ்சின் முதல் விளக்கு வரை மாற்றியும், மாற்றியதை ஒளியாதவன் பழைமைக்கு உண்மையாக இருக்கின்றான். இது முரண்போலத் தோன்றினும் முரண் அன்று. பழையதை இரும்பாக மட்டும் கண்டவன் இரும்பைக் காக்கின்றான். பழையதைப் பலர் கைமாறி வந்த ஒரு நம்பிக்கையாகக் கண்டவன் அந்த நம்பிக்கையைக் காக்கின்றான்.

தமிழ் கற்பிப்போரும் கற்போரும் எண்ணிப் பார்க்கத் தக்க செய்தி இது. மொழியும் வழக்கமும் முன்னோர் சொல்லும் வகுப்பறைக்குள் வரும்போது, கொட்டகைக்குள் வந்த பழைய வண்டியின் நிலையிலேயே வருகின்றன. சில பலகைகள் உளுத்திருக்கும். சில தேய்வுகள் பெருமைக்குரியனவாக இருக்கும். சில அமைப்புகள் இன்றைய சாலைக்கு ஒவ்வாதனவாக இருக்கும். ஒன்றையும் தொடாதே என்பவனும், அனைத்தையும் வெட்டி எறி என்பவனும் உழைப்பிலிருந்து தப்பிக்கொள்கின்றனர். எதை மாற்றினோம், எதைக் காத்தோம், ஏன் என்று மாணவனிடம் மறைக்காமல் சொல்பவனே உழைப்பை ஏற்றவன். அவன் கையளிப்பதைப் பெற்றுக்கொள்ளும் மாணவன், தன் காலத்தில் அதனை மீண்டும் பிரித்துப் பார்ப்பான். பற்றவைத்த தையலைக் காண்பான். அந்தத் தையல் மறைக்கப்படவில்லை என்பதையும் காண்பான்.